பின்வண்டியின் இடது விளக்கு

லைல் பிரெக்கேவுக்குப் பச்சைக்கும் பழுப்புக்கும் வித்தியாசம் தெரியாது. அறுபத்து நான்கு வயதுவரை இந்த விஷயம் மனைவி ஆர்லிஸைத் தவிர வேறு யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொண்டார். பிறகு ஒரு கோடையில் அது ஊருக்கே தெரிந்தது. வெஸ்ட்பி என்ற அந்தச் சின்ன ஊரில் இப்போதும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள், அவர் பக்கத்தில் இல்லாதபோது.

முதல் வகுப்பில் மரம் வரையச் சொன்னார்கள். லைல் அடிமரத்தைப் பச்சையாகவும் இலைகளைப் பழுப்பாகவும் தீட்டிக்கொண்டு போனார். டீச்சர் தாளை உயர்த்திப் பிடித்து, "பாருங்க பிள்ளைங்களா, லைல் வீட்டுல மரமெல்லாம் தலைகீழா மொளைக்குதாம்" என்றார். வகுப்பே சிரித்தது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அவருக்குப் புரியவில்லை. புரியாததால் இன்னும் கூசிப்போனார். அதற்குப் பிறகு கிரேயான் குச்சியில் சுற்றியிருக்கும் காகிதத்தை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுத்தான் எடுப்பார். காகிதம் கிழிந்த குச்சியைத் தொடவே மாட்டார்.

பத்தொன்பது வயதில் லா கிராஸ் ஊருக்குப் போய் ரயில்வே வேலைக்கு விண்ணப்பித்தார். அப்பா ஐவர் மாடு கறந்து பிழைத்தவர். மகன் எஞ்சின் ஓட்டப் போகிறான் என்று தீவனக் கடையில் எல்லோரிடமும் சொல்லி முடித்துவிட்டார். அங்கே ஒரு டாக்டர், வண்ண வண்ணப் புள்ளிகளாக அச்சடித்த பக்கம் ஒன்றைக் காட்டி, "என்ன நம்பர் தெரியுது?" என்று கேட்டார்.

"இதுல நம்பரா?" என்றார் லைல்.

வரிசையில் பின்னால் நின்ற பையன்களில் ஒருவன் களுக்கென்று சிரித்தான். டாக்டர் புத்தகத்தை மூடிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா மாட்டின் மடியில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். "அந்த வேலை எனக்கு ஒத்து வராதுப்பா. எப்பப் பாத்தாலும் வெளியூரு. வேணாம்னு சொல்லிட்டு வந்துட்டேன்" என்றார் லைல். அப்பாவின் கை ஒரு கணம் நின்றது. "சரி" என்றார். மறுபடி கறக்க ஆரம்பித்தார். சாகும்வரை அதைப் பற்றிக் கேட்கவில்லை. தீவனக் கடையில் யாராவது விசாரித்தால், "அவனுக்கு அதுல இஷ்டமில்ல" என்று அவரே சொல்லிச் சமாளித்தார். மகனுடைய பொய்யை அப்பா சுமந்துகொண்டு திரிந்தார்.

பிறகு லைலுக்கு வெண்ணெய் ஆலையில் வேலை கிடைத்தது. கொதிகலன், குழாய், வால்வு எல்லாம் அவர் கைக்கு அடங்கின. மின்சார வேலை வந்தால் மட்டும், "கரண்டுக்கும் எனக்கும் ஆகாதுப்பா" என்று சிரித்துக்கொண்டே நழுவிவிடுவார். ஆர்லிஸைக் கல்யாணம் செய்துகொண்ட முதல் கோடையில், தோட்டத்தில் பழுத்த தக்காளியாகப் பார்த்துப் பறித்துக்கொண்டு வரச் சொன்னாள் அவள். கூடை நிறையக் காயாகக் கொண்டுவந்து வைத்தார். ஆர்லிஸ் சிரிக்கவில்லை. கூடையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "எவ்வளவு நாளா இப்படி?" என்று மட்டும் கேட்டாள்.

அதற்குப் பிறகு அவருடைய கண் அவள்தான். காலுறையை ஜோடி சேர்த்து மடித்து வைப்பாள். அடுப்புக்கரியில் இறைச்சி வாட்டும்போது உள்ளே இன்னும் சிவப்பாக இருக்கிறதா என்று பக்கத்தில் வந்து எட்டிப் பார்ப்பாள். வீட்டில் ஏதாவது ஒயர் வேலை என்றால், ஒவ்வொரு ஒயரிலும் ஒரு துண்டு டேப் ஒட்டி, நிறத்தின் முதல் எழுத்தை எழுதி வைத்துவிட்டுப் போவாள். யாராவது கூட இருந்தால் வாசலில் வந்து நின்று, "ஏதாவது வேணுமா?" என்று கேட்பாள். அவர் "ஆமா, கொஞ்சம் வா" என்றால் உள்ளே போய்விடுவார்கள். இத்தனை வருஷ வாழ்க்கை அப்படியே ஓடியது.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், நெடுந்தூரம் போவதற்கென்றே செய்த பெரிய மோட்டார் சைக்கிள் ஒன்றை லைல் வாங்கினார். ஊரில் அவரைப் போன்ற ஓய்வு பெற்றவர்களும், நடுவயதுக்காரர்களும் சேர்ந்து ஒரு குழுவாகப் போய்வருவார்கள். லைல்தான் எப்போதும் முன்னால் போவார். வளைவுகளையும், மண் சரிந்த இடங்களையும், எங்கே மான் குறுக்கே ஓடும் என்பதையும் அவர் அறிவார். குழுவின் தலைவர் தீலன், புதிதாகச் சேருகிறவர்களிடம், "லைல் பின்னாடி போனா கண்ண மூடிக்கிட்டுப் போகலாம்" என்று சொல்வார். அதைக் கேட்கும்போதெல்லாம் லைலுக்கு மனசு குளிர்ந்துவிடும்.

அந்த வருஷம் முகாமுக்குப் போக, வண்டியின் பின்னால் மாட்டி இழுக்கும் சின்னப் பின்வண்டி ஒன்றைப் பழையதாக வாங்கினார். கூடாரம், மடக்கு நாற்காலி, ஐஸ் பெட்டி எல்லாம் அதில் அடங்கும். ஆனால் அதன் பிளக் பிய்ந்து, வெறும் ஒயர்கள் நான்கு தொங்கிக்கொண்டிருந்தன. ஒயர் ஒயராகச் சேர்க்க வேண்டும். வெள்ளை எர்த். மஞ்சள் இடது பக்கத்து பிரேக்குக்கும் இண்டிகேட்டருக்கும். பச்சை அதே மாதிரி வலது பக்கத்துக்கு. பழுப்பு, வண்டி ஓடும்போதெல்லாம் மங்கலாக எரியும் பின்விளக்குகளுக்கு.

வேலையைத் தொடங்கிய சனிக்கிழமை மத்தியானம் பக்கத்து வீட்டுக்காரரும் குழுவில் ஒருவருமான கோர்டி ஸ்டம்ப் ஒரு மடக்கு நாற்காலியைக் கொண்டுவந்து கராஜுக்குள் போட்டு, பீர் கேனோடு உட்கார்ந்துகொண்டார்.

"என்னடா லைல், கரண்டுக்கும் உனக்கும் ஆகாதுன்னுவ? கடையில குடுத்தா ஒரு சின்னப் பொண்ணு அஞ்சு நிமிஷத்துல முடிச்சுக் குடுத்துரும்."

"என் வண்டியில வேற ஆளு கை வைக்க வேணாம்."

"அதான் பாக்கலாம்னு உக்காந்திருக்கேன். பொக வந்தா தண்ணி ஊத்த ஒரு ஆளு வேணுமே."

ஆர்லிஸ் வீட்டுக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். கையில் டேப் உருளையை வைத்திருந்தாள், ஏப்ரனின் மடிப்புக்குள்.

"லைல், ஏதாவது வேணுமா?"

லைல் கோர்டியைப் பார்த்தார். கோர்டி ஆர்வமாக முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். 'கொஞ்சம் வா' என்று சொல்லி, ஒயர்களை விட்டுவிட்டு வீட்டுக்குள் போனால், அந்த ஆள் கேள்வி கேட்பார். பெண்டாட்டியைக் கேட்டுத்தான் ஒயர் சேர்க்கிறாயா என்று குழுவின் காலை உணவுக் கூட்டத்தில் ஒரு மாசத்துக்கு ஓட்டுவார்.

"ஒண்ணும் வேணாம்" என்றார்.

ஆர்லிஸ் இன்னும் ஒரு கணம் நின்றாள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டாள்.

வெள்ளையும் மஞ்சளும் அவருக்குத் தெரியும். மிச்சம் இரண்டு. வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்று கொஞ்சம் கருமையாகத் தெரிந்தது. அதைப் பழுப்பு என்று வைத்துக்கொண்டார். அந்தப் பழைய பின்வண்டியில் அழுக்கேறிக் கருத்திருந்தது பச்சை. சால்டர் வைத்து, மேலே மாட்டிய பிளாஸ்டிக் குழலைச் சூட்டில் சுருக்கி, டேப் சுற்றி, ஒயர்களைச் சேர்த்துக் கட்டினார். வேலை பார்க்க அவ்வளவு சுத்தமாக இருந்தது. கோர்டியே, "பரவாயில்லடா" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

கோர்டி போனதும் லைல் வண்டியில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். பின்னால் வெள்ளைச் சுவர். கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இடது இண்டிகேட்டரைப் போட்டார். சுவரில் வெளிச்சம் மினுக்கியது. வலது போட்டார், மினுக்கியது. பிரேக்கை அழுத்தினார், சுவர் சிவந்தது மாதிரி இருந்தது. எந்தப் பக்கத்து விளக்கு என்று இறங்கிப்போய்ப் பார்க்கவில்லை. ஆர்லிஸைக் கூப்பிட்டுப் பின்னால் நிற்கச் சொல்லியிருக்கலாம். ஒயரைக் காட்டாமல் செய்த பிறகு விளக்கைக் காட்டக் கூப்பிட அவருக்கு வாய் வரவில்லை.

மறுவாரம் ஆற்றோரச் சாலையில் தெற்கே கிளம்பினார்கள். லைல் முன்னால். அவருக்கு நேர் பின்னால், கொஞ்சம் வலதுபுறமாக, நடீன் கோவால்க்கி. நடீன் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறவள். ஐம்பத்தைந்து வயதில் விவாகரத்தாகி, அதற்கடுத்த வசந்தத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டவள். புது ஆள் முன்னால் போகிறவருக்கு நேர் பின்னால்தான் போக வேண்டும் என்பது குழுவின் வழக்கம். அவளுக்குப் பின்னால் தீலன், அப்புறம் மற்றவர்கள். ஆர்லிஸ் அந்தப் பயணத்துக்கு வரவில்லை. அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

ஸ்டாடர்ட் என்ற ஊரில் காபி குடிக்க நிறுத்தினார்கள். நடீன் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுத் தயங்கித் தயங்கி வந்தாள்.

"லைல், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க பின்வண்டியில வலது லைட்டு பிரேக் போட்ட மாதிரி எரிஞ்சுக்கிட்டே இருக்கு. இடது எரியவே இல்ல. ஒரு தடவ பாருங்களேன்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். லைலின் காது சூடாகியது. முதல் வகுப்பு, லா கிராஸ் வரிசை எல்லாம் ஒரே நேரத்தில் வந்து நின்றன.

"நடீன், நீ இன்னும் பழகலன்னு நெனைக்கிறேன்" என்றார். குரலைச் சிரிக்கிற மாதிரி வைத்துக்கொண்டார். "வெயில் பட்டா அப்படித்தான் தெரியும். என் லைட்டப் பாக்குறத விட்டுட்டு உன் கியரப் பாரு. வர்ற வழியில ரெண்டு தடவ கத்த விட்டியே."

கோர்டி ஹோவென்று சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். நடீனும் சிரித்தாள், கழுத்துவரை சிவந்துபோய். காபியை முடிக்காமலே போய் வண்டியருகில் நின்றுகொண்டாள்.

ஜெனோவா ஊரைத் தாண்டியதும் சாலைக்கு இடதுபக்கம், குன்றின் அடிவாரத்தில், ஐஸ்கிரீம் விற்கும் ஒரு சின்னக் கடை வரும். அதற்கு நேர் எதிரே, வலதுபக்கம் ஆற்றை ஒட்டி, வண்டிகள் நிறுத்த ஒரு சரளைக்கல் திடல். வழக்கமாகக் கையைத் தூக்கிக் காட்டித்தான் லைல் திரும்புவார். அன்றைக்குப் பின்வண்டியின் இழுப்புக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. வேகத்தைக் குறைத்தார். வலது இண்டிகேட்டரை மட்டும் போட்டார்.

மாறிப்போன அந்த இரண்டு ஒயரால் வலது விளக்கு அசையாமல் பளிச்சென்று எரிந்தது. வலது இண்டிகேட்டரின் கரண்ட் பின்விளக்கு ஒயரில் போனதால் மினுக்கியது இடது விளக்கு.

பின்வண்டியின் மூடி உயரம். மோட்டார் சைக்கிளின் சொந்த விளக்குகள் நடீனுக்குத் தெரியாது. ஐஸ்கிரீம் கடைக்காக இடதுபக்கம் போகிறார் என்று நினைத்து, அவருக்கு வழி விட்டு வலது ஓரத்திலேயே நேராக வந்தாள். லைல் வலப்பக்கம் திரும்பி அவள் குறுக்கே போனார். பிரேக் கத்துகிற சத்தம் கேட்டது. பிறகு சரளையில் இரும்பு உராய்கிற சத்தம்.

லைல் திடலில் வண்டியை நிறுத்தி இறங்கி ஓடினார். நடீன் பக்கவாட்டில் விழுந்து கிடந்தாள். தோள்பட்டை ஒரு மாதிரி தொங்கியிருந்தது. தீலன் அதற்குள் மண்டியிட்டு அவள் ஹெல்மெட்டின் முகக்கண்ணாடியைத் தூக்கியிருந்தார்.

"அசையாத, அசையாத. காலுல உணர்ச்சி இருக்கா?"

"இருக்கு. தோளு... அவரு இடது போட்டாரு தீலன். இடதுதான் மினுக்குச்சு."

"சரி, சரி. இப்பப் பேசாத."

"நான் பாத்தேன்."

யாரோ ஆம்புலன்ஸுக்கு போன் செய்துகொண்டிருந்தார்கள். லைல் திரும்பித் தன் வண்டியைப் பார்த்தார். சாவி இன்னும் போட்டபடி இருந்தது. இண்டிகேட்டரும். நிழல் விழுந்த திடலில், பின்வண்டியின் இடது விளக்கு மினுக்கி மினுக்கி எரிந்தது. வலது விளக்கு ஒரே நிலையாக எரிந்தது.

எல்லோரும் நடீனைச் சுற்றி நின்றார்கள். ஒருவரும் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. லைல் வண்டியருகே போனார். கை நடுங்கவில்லை என்பதுதான் பிற்பாடு அவரை அதிகமாக உறுத்தியது. சாவியைத் திருப்பி விளக்குகளை அணைத்தார். பிறகு போய் மற்றவர்களோடு நின்றுகொண்டார்.

பிரேரி டு ஷீன் ஆஸ்பத்திரியில் கழுத்துப்பட்டை எலும்பு முறிந்திருப்பதாகச் சொன்னார்கள். குழுவினர் முகாமுக்குப் போகாமல் திரும்பினார்கள். லைல் இருட்டுவதற்கு முன்பே வீட்டுக்கு வந்து, கராஜுக்குள் வண்டியை விட்டதும் ஆர்லிஸைக் கூப்பிட்டார். இந்த முறை ஒயர்களைப் பிரித்து அவள் முன்னால் நீட்டினார்.

ஆர்லிஸ் குனிந்து பார்த்தாள். "பச்சையும் பிரவுனும் மாறியிருக்கு" என்றாள்.

லைல் ஒயர்களைக் கீழே வைத்தார்.

"போன்ல தீலன் சொன்னாரு, நடீன் இடம் வலம் தெரியாம வந்து விழுந்துட்டான்னு. அவ பாத்தது சரிதானே?"

"ஆமா."

"நான் கேட்டேன் லைல். வாசல்ல நின்னு கேட்டேன்."

"தெரியும்."

ஆர்லிஸ் டேப்பை எடுத்து வந்து ஒயர்களில் எழுத்துகளை எழுதி ஒட்டினாள். அவர் சேர்த்து முடிக்கும்வரை அங்கேயே நின்றாள். பிறகு, "அவகிட்ட சொல்லிரு" என்றாள்.

"சொல்றேன்."

சொல்லவில்லை. எலும்பு கூடட்டும் என்று முதல் வாரம் நினைத்தார். அடுத்த வாரம் ஆர்லிஸின் அக்கா உடம்பு விஷயம் வந்தது. அதற்குள் ஊர் தன் தீர்ப்பைச் சொல்லிவிட்டது. மாதக் காலை உணவுக் கூட்டத்தில் பான்கேக்கின் மேல் சிரப் ஊற்றியபடி கோர்டி, "அந்த வயசுல புதுசா ஓட்டக் கத்துக்கக் கூடாது" என்றார். தீலன், "நான் லைட்டப் பாக்கல. ஆனா லைல் இடது போட்டுட்டு வலது போற ஆளா? இத்தன வருஷமா அவன் பின்னாடி போறோம்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். லைல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரை அடக்கமானவர் என்று நினைத்து யாரோ தோளில் தட்டினார்கள்.

அந்த மாதம் முடிவதற்குள் ஒரு பகல்பொழுதில் நடீன் வந்தாள். கையைத் தூளியில் கட்டியிருந்தாள். மற்றக் கையில் ஒரு தட்டு, ருபார்ப் என்ற புளிப்புத் தண்டு போட்ட கேக் துண்டுகள். ஒற்றைக் கையால் சுட்டிருக்கிறாள். ஆர்லிஸ் அவளை அடுக்களை மேஜையில் உட்காரவைத்துக் காபி ஊற்றினாள்.

"லைல், நான் மன்னிப்பு கேக்க வந்தேன்" என்றாள் நடீன். "உங்க பயணத்தையே கெடுத்துட்டேன். அதுவும் இல்லாம எல்லார் முன்னாடியும் நீங்க இடது போட்டதா சொல்லிட்டேன்."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றார் லைல்.

"இல்ல, சொல்லணும். நான் நிஜமாவே அப்படித்தான் பாத்தேன். இப்பவும் கண்ண மூடினா இடதுதான் மினுக்குது. அதான் பயமா இருக்கு." அவள் காபிக் கோப்பையைச் சுற்றிச் சுற்றித் திருப்பினாள். "எங்கம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. இடம் வலம் மாறும். இல்லாததப் பாத்ததாச் சொல்லுவாங்க. என் வயசுதான் அப்ப. கடைசியில என்னையே யாருன்னு கேட்டாங்க. நான் டாக்டர்கிட்ட நாள் வாங்கியிருக்கேன், மூளைய ஸ்கேன் பண்ணிப் பாக்க. வண்டியையும் வித்துரலாம்னு போர்டு வெச்சுட்டேன்."

ஆர்லிஸ் காபிப் பாத்திரத்தைக் கையில் வைத்தபடி அடுப்பருகே நின்றிருந்தாள். அவள் லைலைப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

லைல் வாயைத் திறந்தார். "யாருக்கும் வர்றதுதான்" என்றார்.

அதைத்தான் சொன்னார். வேறு ஒன்றுக்காகத்தான் வாயைத் திறந்தார், வந்தது அது. நடீன் தலையாட்டினாள். "நீங்க நல்லவங்க" என்று சொல்லிவிட்டு எழுந்தாள். ஆர்லிஸ் அவளைக் கார் வரைக்கும் கொண்டுவிட்டுத் திரும்பி வந்தாள். கேக் தட்டை எடுத்து லைல் முன்னால் வைத்தாள்.

"சாப்பிடு" என்றாள்.

அவ்வளவுதான். மாடிக்குப் போய்விட்டாள். லைல் தட்டைப் பார்த்தபடி இருந்தார். ஒரு துண்டை எடுத்து வாயருகே கொண்டுபோனார். கீழே வைத்துவிட்டார். பிறகு எழுந்து, தொப்பியைக்கூட எடுக்காமல், பிக்கப் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.

நடீன் வீட்டு முற்றத்தில் அவள் வண்டி நின்றிருந்தது, கண்ணாடி உடைந்து, பக்கமெல்லாம் கீறலோடு. கைப்பிடியில் விற்பனைப் பலகை தொங்கியது. நடீன் படியில் உட்கார்ந்து ஒற்றைக் கையால் ஷூவைக் கழற்ற முயன்றுகொண்டிருந்தாள்.

"தட்டக் குடுக்கவா இவ்வளவு அவசரமா வந்தீங்க?"

"உன் மூளைக்கு ஒண்ணுமில்ல நடீன்" என்றார் லைல். நின்றுகொண்டே சொன்னார். உட்கார்ந்தால் சொல்ல முடியாது என்று தோன்றியது. "இடதுதான் மினுக்குச்சு. ஒயர மாத்திக் குடுத்துட்டேன். எனக்குப் பச்சையும் பிரவுனும் ஒண்ணாத்தான் தெரியும். சின்ன வயசுலேருந்து. யாருக்கும் தெரியாது. ரயில்வேயில வேலைய வேணாம்னு சொன்னதா நான் சொல்லுவேன்ல, அதுவும் பொய். அவங்கதான் வேணாம்னாங்க."

நடீன் ஷூவை விட்டுவிட்டாள். "எப்பத் தெரியும் உங்களுக்கு?"

இந்தக் கேள்வி வரும் என்று வழியெல்லாம் பயந்துகொண்டே வந்திருந்தார். "அங்கயே. நீ கீழ கெடந்தப்ப. லைட்டு எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. போய் சாவியத் திருப்பி அணைச்சேன்."

"எதுக்கு?"

"யாரும் பாக்கக் கூடாதுன்னு."

சாலையில் ஒரு பால் லாரி போயிற்று. அது வளைவில் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் உன்கிட்ட முன்னாடியே சொன்னேன்" என்றாள். இவ்வளவு நாள் 'நீங்க' என்றவள் 'நீ'க்கு மாறியதை லைல் கவனித்தார். "காபிக் கடையில வந்து சொன்னேன். மரியாதையாத்தான் சொன்னேன். நீ என்னப் பாத்து எல்லாரையும் சிரிக்க வெச்ச. அப்புறம் என் அடுப்புல கேக்கு சுட்டு எடுத்துக்கிட்டு உன் வீட்டுக்கு வந்து மன்னிப்பு கேட்டேன். நீ கேட்டுக்கிட்டு உக்காந்திருந்த."

"ஆமா."

"தெனமும் காலையில எந்திரிச்சு, இன்னைக்கு என்ன தேதின்னு எனக்கு நானே கேட்டுப் பாக்குறேன் லைல். என் பொண்ணு பேரு ஞாபகம் இருக்கான்னு சொல்லிப் பாக்குறேன்."

மன்னித்துவிடு என்று சொன்னார். அது அவர் காதுக்கே சின்னதாகக் கேட்டது.

"கலர் தெரியாதது ஒரு குத்தமா? அதுக்காக யாராவது உன்ன ஏதாவது சொல்லியிருப்பாங்களா?" என்றாள். பிறகு, "கெளம்பு. ஆனா இதையே, ஒரு வார்த்த விடாம, அங்க எல்லார்கிட்டயும் சொல்லு. சாவி விஷயத்தையும் சேத்து" என்றாள்.

அடுத்த காலை உணவுக் கூட்டத்தில் சொன்னார். கை கழுவக்கூடப் போகாமல், எல்லோரும் உட்கார்ந்ததும் எழுந்து நின்று சொன்னார். ஆர்லிஸ் அன்றைக்கு அவரோடு வந்திருந்தாள். மரம் வரைந்ததிலிருந்து சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்திருந்தவர் அதிலிருந்தே சொன்னார். சாவி விஷயம் வந்தபோது குரல் இறங்கிவிட்டது. "கேக்கல" என்று பின் மேஜையிலிருந்து யாரோ சொன்னார்கள். மறுபடி சொல்ல வேண்டியதாயிற்று.

தீலன் முட்கரண்டியைக் கீழே வைத்தார். "நான் அவள என்ன சொல்லித் தேத்தினேன் தெரியுமா" என்றார். "பழகப் பழக சரியாயிடும்னு சொன்னேன்." எழுந்து வெளியே போனார். கோர்டி கொஞ்ச நேரம் கழித்து, இறுக்கத்தைக் குறைப்பதற்காகவோ என்னவோ, கெச்சப் பாட்டிலைத் தூக்கி, "இது என்ன கலருடா லைல்?" என்றார். ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். "தெரியல" என்றார் லைல். அது பொய். கெச்சப் தெரியும். ஆனால் அப்படிச் சொன்னால் கேள்வி அத்தோடு நிற்கும் என்று நினைத்தார். நிற்கவில்லை. அந்த வருஷம் முழுக்க நாப்கின், பலூன், சட்டை என்று ஏதாவதொன்றை அவர் முன்னால் நீட்டிக்கொண்டே இருந்தார்கள். லைல் பதில் சொல்லிக்கொண்டிருந்தார், சரியாகவோ தப்பாகவோ.

நடீனின் வண்டி அதற்குள் விற்றுப்போயிருந்தது. ஸ்கேனை அவள் எடுத்துப் பார்த்துவிட்டாள். ஒன்றும் இல்லை என்று வந்தது. அவளே ஆர்லிஸிடம் போனில் சொன்னாள். லைல் குழுவின் முன்னால் போவதை விட்டுவிட்டார். அவரை யாரும் விடச் சொல்லவில்லை. தொடரச் சொல்லியும் யாரும் கேட்கவில்லை. கடைசி ஆளாகப் போனார். கடைசி ஆளின் விளக்கை யாரும் நம்பிப் பின்னால் வருவதில்லை.

அடுத்த மே மாதம், நார்வேயிலிருந்து வந்து குடியேறிய முன்னோர்களின் நினைவாக ஊர் நடத்தும் நார்வேத் திருவிழா வந்தது. தேவாலயத்தில் லெஃப்சே என்னும் உருளைக்கிழங்கு ரொட்டி சுடும் குழுவில் ஆர்லிஸும் நடீனும் ஒன்றாக நின்றார்கள். நடீனின் தோள் கூடிவிட்டிருந்தது, ஆனால் உருட்டுக்கட்டையை அவள் இன்னும் ஒரு பக்கமாகத்தான் தள்ளினாள். பெரிய காபி அண்டாக்களைப் பூங்காவுக்குக் கொண்டுபோக வண்டி இல்லை என்று பேச்சு வந்தது.

"லைலோட பின்வண்டி இருக்கு" என்றாள் ஆர்லிஸ்.

நடீன் மாவை உருட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு, "வரச் சொல்லு" என்றாள்.

லைல் வந்து அண்டாக்களை ஏற்றிக் கட்டினார். ஆர்லிஸ் பின்னால் நின்று ஒவ்வொரு விளக்காகப் பெயர் சொல்லிப் பார்த்தாள். சத்தமாகவே சொன்னாள், மற்ற பெண்கள் கேட்க. லைலின் முகம் எரிந்தது. நடீன் குறுக்கே வந்து, "டம்ளர் எல்லாம் என் கார்ல இருக்கு. நான் பின்னாடி வர்றேன்" என்றாள். தன் வீட்டுப் படியில் பேசியதற்குப் பிறகு அவரிடம் நேராகப் பேசியது அதுதான் முதல் தடவை.

தெருவில் கூட்டம். லைல் மெதுவாக ஓட்டினார். தபால் ஆபீஸ் மூலையில் வலது பக்கம் திரும்ப வேண்டும். இண்டிகேட்டரைப் போட்டார். கையையும் தூக்கிக் காட்டினார். கண்ணாடியில் பார்த்தார். நடீனின் கார் ரொம்பத் தள்ளி, நடுவில் இரண்டு வண்டி புகுந்துகொள்ளும் இடைவெளி விட்டு வந்துகொண்டிருந்தது. அவர் திரும்பி முடிக்கும்வரை அவள் அங்கேயே நின்றாள். பிறகுதான் திரும்பினாள்.

பூங்காவில் அண்டாக்களை இறக்கி வைத்தார்கள். நடீன் ஒரு பக்கத்தைப் பிடித்தாள், லைல் மறுபக்கத்தை. "பாத்து, சூடு" என்றாள் அவள். "சரி" என்றார் அவர்.